ஈரம் ஏறிய நாள்

காலை எட்டு மணி. மன்னார்குடிப் பக்கம் ஒரு சம்பா வயல். தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். கதிர் பழுத்துத் தலை கவிழ்ந்து நிற்கிறது. ஆத்தூரிலிருந்து லாரியில் வந்த பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதில் பட்டைகளில் ஓடும் அறுவடை இயந்திரம், நேற்று இரவே வரப்போரம் இறங்கிவிட்டது. வயல்காரருக்கு அவசரம், அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் அதே வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். ஓட்டுநர் மட்டும் டீ டம்ளரை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "பனி காயட்டும்ணே. இப்ப எறக்குனா டிரம்ல சுத்திக்கும்."

இது ஒரு குறிப்பிட்ட வயலின் கதை அல்ல. தை, மாசி மாதங்களில் காவிரி டெல்டாவின் எந்த ஊரிலும் இப்படியொரு நாள் வரலாம். அந்த நாளில் பனி, இயந்திரக் கோளாறு, மழை, சேறு, கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்படும் நெல் என்று அடுத்தடுத்துத் துன்பங்கள் வரும். வயல்காரர் அவற்றைத் தனித்தனியாக எண்ணித் தன் ஜாதகத்தை நொந்துகொள்வார். அவற்றுக்கெல்லாம் பின்னால் இருப்பது ஒரே சங்கதிதான்: இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் கொஞ்சம் தண்ணீர்.

முதலில் பனி. மேகமில்லாத இரவில் நெல்லின் இலையும் கதிரும் தங்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். தெளிந்த வானத்திலிருந்து அதிகம் திரும்புவதில்லை. அதனால் இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. டெல்டாக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. குளிர்ந்த இலையில் பட்டதும் அந்த ஆவி நீராகிப் படிகிறது. நட்சத்திரம் நன்றாகத் தெரிந்த இரவுக்கு மறுநாள் காலை பனி கனமாக இருப்பது இதனால்தான். பத்து, பத்தரைக்கு வெயில் ஏறும்வரை அது போகாது.

இலையில் படிந்த நீர், பல டன் எடையுள்ள இரும்பு இயந்திரத்தை ஏன் நிறுத்திவைக்க வேண்டும்? இந்த இயந்திரம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். அறுப்பது, அடிப்பது, தூற்றுவது மூன்றையும் ஒரே வண்டியில் சேர்க்கும் முயற்சிக்கு அமெரிக்காவின் மிச்சிகனில் 1836இல் ஹைரம் மூர் என்பவர் காப்புரிமை பெற்றார். குதிரைகள் பூட்டி இழுத்த வண்டி அது. வேலை செய்தது, ஆனால் மிச்சிகனின் ஈரமான பருவநிலையில் அது நிலைபெறவில்லை. 1854இல் ஒரு வண்டியைக் கப்பலேற்றிக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கோடையில் மழை கிடையாது. கோதுமை தாளிலேயே சருகாகக் காய்ந்து நிற்கும். அந்த ஒரு பருவத்தில் சுமார் 600 ஏக்கர் அறுத்தது. கூட்டு அறுவடை இயந்திரம் தன் வறண்ட தாய்வீட்டைக் கண்டுகொண்டது அப்போதுதான். அதை நாம் ஓர் ஆற்றின் கழிமுகத்துக்குக் கொண்டுவந்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாத மண்ணில் இறக்கியிருக்கிறோம்.

பதினொரு மணிக்கு, அடித்தாளின் ஈரம் முழுதும் காயாமலே, வண்டி வயலில் இறங்குகிறது. முன்னால் கத்தி தாளை அறுக்க, வெட்டுண்ட தாளும் கதிரும் சேர்ந்து உள்ளே போகின்றன. அங்கே முட்கள் பொருத்திய டிரம், விளிம்பு நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்படி சுழல்கிறது. அதற்கும் கீழேயுள்ள சல்லடைத் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் கதிரிலிருந்து மணி உதிர்கிறது. காய்ந்த தாள் இந்த அடியில் நொறுங்கும். நொறுங்கினால்தான் பின்வழியாகப் போகும். ஈரத்தாள் நொறுங்காது, நார் போல வளைந்து டிரம்மைச் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்று சுற்றினால் அடுத்த தாளையும் பிடித்து இழுக்கும்.

அடுத்தது தூற்றும் பகுதி. முறத்தை உயர்த்திப் பிடித்துத் தூற்றியவர்களுக்கு இதன் தத்துவம் கைக்குத் தெரியும். காற்றில் விழும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. முற்றிய நெல்மணிக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 6 முதல் 8 மீட்டர். பதருக்கும் தூசிக்கும் அதில் பாதிகூட இராது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில் விசிறியை ஓட்டினால் பதர் பறக்கும், மணி விழும். பதர் நனைந்தால் கனம் கூடி மணியை நெருங்குகிறது. பிரிக்கக் கிடைத்த இடைவெளி சுருங்குகிறது. விசிறியைக் குறைத்தால் தொட்டியில் குப்பை சேரும். கூட்டினால் மணி பின்னால் பறந்து வயலில் விழும். போதாததற்கு, நனைந்த துகள்களை நீரின் பரப்பு இழுவிசை சல்லடையோடு ஒட்டவைத்துத் துளைகளை அடைக்கிறது. கொக்குகள் வண்டிக்குப் பின்னால் புழு பொறுக்கும். அவற்றோடு வயல்காரரின் நெல்லும் அங்கேதான் கிடக்கும்.

ஈரத்தின் குணம் விசித்திரமானது. உராய்வு வேண்டாத இடத்தில் அதைக் கூட்டுகிறது. வேண்டிய இடத்தில் குறைக்கிறது. தாளும் இரும்பும் தேயும் இடத்தில் பிடிப்பு கூடி டிரம் திணறுகிறது. டிரம்மைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டும் அது ஓடும் புல்லியும் சேருமிடத்தில் பிடிப்பு குறைந்து வழுக்குகிறது.

இந்த வழுக்கலின் கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே லியோனார்டு ஆய்லர் போட்டுவைத்தார். முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, முனையைச் சிறுபையன் கையில் கொடுத்தாலும் காளை நின்றுவிடும் அல்லவா, அதே கணக்குத்தான். இழுக்கும் பக்கத்து விசைக்கும் தளர்ந்த பக்கத்து விசைக்கும் உள்ள விகிதம், உராய்வோடு சாதாரணமாகக் கூடுவதில்லை; அடுக்கேற்றமாகக் கூடுகிறது. புல்லியைப் பாதிச் சுற்று தழுவிய பெல்ட்டுக்கு உராய்வெண் 0.5 என்று வைத்தால் அந்த விகிதம் கிட்டத்தட்ட 4.8. ஈரத்தில் உராய்வெண் பாதியாகி 0.25 ஆனால், விகிதம் 2.2தான். டிரம்மைச் சுழற்றப் பயன்படுவது இரு விசைகளின் வித்தியாசம் மட்டுமே என்பதால், தளர்ந்த பக்கத்து விசை மாறாதிருந்தால் 3.8 பங்காக இருந்த இழுவிசை 1.2 பங்காகிறது. உராய்வு பாதிதான் போயிற்று. இழுவை மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இனி நடப்பது ஒரு சுழல். பெல்ட் வழுக்கினால் டிரம் வேகம் குறையும். வேகம் குறைந்தால் தாள் நொறுங்காது, சுற்றும். சுற்றினால் பாரம் கூடும். பாரம் கூடினால் பெல்ட் இன்னும் வழுக்கும். வழுக்கும் பெல்ட் சூடேறி, ரப்பர் தோல் கண்ணாடி போல மினுங்கத் தொடங்கும்; மினுங்கிய பெல்ட்டுக்குப் பிடிப்பு மேலும் குறைவு. ரப்பர் கருகும் வாசனை வயல்காரர் மூக்குக்கு எட்டும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்ஜினை அணைத்து, மூடியைத் திறந்து, கருக்கரிவாளால் தாளை அறுத்து அறுத்து வெளியே இழுக்கிறார்கள். இரண்டாம் முறை அடைத்தபோது பெல்ட் அறுந்துவிட்டது. மாற்றுப் பெல்ட்டுக்குத் தஞ்சாவூர் போக வேண்டும், இன்று ஞாயிற்றுக்கிழமை. பெல்ட் ஞாயிற்றுக்கிழமைதான் அறும் என்பது டெல்டாவில் நிரூபணம் தேவைப்படாத விதி.

எல்லா இயந்திரமும் இப்படி இல்லை. ஜப்பானியர்கள் நெல்லுக்கென்றே உருவாக்கிய ஒரு வகையில், சங்கிலி தாளைப் பிடித்துக்கொள்ள, கதிர் மட்டுமே டிரம்முக்குள் போகும். தாள் உள்ளே போகாததால் ஈரம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. வைக்கோலும் முழுசாகக் கிடைக்கும். மழைநாட்டுக்காரர்கள் மழையை மனத்தில் வைத்துச் செய்த வண்டி அது.

பெல்ட் வந்து சேர்வதற்குள் வானம் மூடிக்கொண்டது. மூன்று மணிக்குத் தூறல். நாலு மணிக்கு நல்ல மழை, கூடவே காற்று.

தை, மாசியில் மழையா என்று கேட்பது வெளியூர்க்காரர்கள்தான். 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவின் சம்பா நெல் கதிரிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் வங்கக் கடலில் உருவாகி இலங்கைக் கரையைக் கடந்த தாழ்வு மண்டலம், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் அறுவடைக்கு நின்ற பயிரைச் சாய்த்துப் போட்டது. மேட்டூர் அணை திறக்கும் நாள் வழக்கமாக ஜூன் 12. அது தள்ளிப்போகும் ஆண்டில் நடவும் அறுப்பும் தள்ளிப்போகும். தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றாக வருவதால் பயிரும் எல்லோருக்கும் ஒன்றாக முற்றுகிறது. இயந்திரத் தட்டுப்பாட்டை ஆளாளுக்கு இடைத்தரகர்கள் தலையில் வைத்துப் பேசுகிறார்கள். அதன் வேர் இந்தக் கால அட்டவணையில் இருக்கிறது என்பது என் எண்ணம். லட்சக்கணக்கான ஏக்கரும் சில வாரங்களுக்குள் அறுக்கப்பட வேண்டும் என்றால், எத்தனை வண்டி வந்தாலும் போதாது.

பயிர் சாய்வது எப்படி? நெல்தாள் ஒரு பக்கம் மட்டும் மண்ணில் பதிந்த மெல்லிய குழாய். உச்சியில் கதிரின் எடை. நிமிர்ந்து நிற்கும்வரை எடை அடியை நோக்கி இறங்கும். காற்று சற்றே வளைத்துவிட்டால் அதே எடை தாளை வளைத்து இழுக்கும் நெம்பாகிறது. வளைய வளைய நெம்பின் கை நீள்கிறது. மழைநீர் கதிரின் இடுக்குகளில் தங்கி எடையைக் கூட்டுகிறது. ஒரு கட்டத்துக்குமேல் காற்றே தேவையில்லை. தன் பாரத்தாலேயே விழுந்துவிடும். உயரம் குறைந்த ரகங்கள் உலகை ஆண்டதன் ரகசியம் இதுதான். 1966இல் வெளியான ஐஆர் 8 ரகத்தைக் குட்டையாக வைத்திருந்தது எஸ்டி1 என்ற மரபணு மாற்றம். அது ஜிபரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது என்பது 2002இல்தான் தெளிவானது. ஆனால் குட்டைப் பயிரையும் யூரியாவை அள்ளிப் போட்டுச் சாய்த்துவிடலாம். தழைச்சத்து மிகுந்தால் தாள் நீண்டு, சுவர் மெலியும்.

சாய்ந்த நெல்லை எந்தப் பக்கத்திலிருந்தும் அறுக்க முடியாது. கதிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக வந்தால்தான் கத்தி அடியில் நுழையும். ஆகவே வண்டி ஒரு பக்கம் அறுத்துவிட்டு, மறுபக்கம் வெறுமனே திரும்பி ஓட வேண்டும். நின்ற பயிருக்கு ஆகும் நேரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாடகை ஏக்கருக்கு அல்ல, மணிக்கு.

மழையில் மண்ணும் மாறிவிட்டது. டெல்டாவின் மண் பெரும்பாலும் கனத்த களி. களிமண்ணில் நீர் ஏற ஏற அது கெட்டி நிலையிலிருந்து பிசையும் நிலைக்கும், பிறகு வழியும் நிலைக்கும் மாறும் எல்லைகளை 1911இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பர்க் வரையறுத்தார். பொறியாளர்கள் இன்றும் அவற்றைத்தான் அளக்கிறார்கள். டயர் வண்டிக்கு இந்த மண் ஆகாது. டயர் தரையில் தரும் அழுத்தம் ஏறத்தாழ அதனுள் அடைத்த காற்றின் அழுத்தத்துக்குச் சமம்; சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ. பெல்ட் வண்டியின் கணக்கு வேறு. மூன்று டன் எடை, அரை மீட்டர் அகலத்தில் 1.7 மீட்டர் நீளத்துக்குத் தரையைத் தொடும் இரண்டு பட்டைகள் என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 0.18 கிலோதான். அதன் பக்கத்தில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும் வயல்காரர் தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஒரு காலைத் தூக்கி நடந்தாரானால் வண்டியைவிட அவர்தான் ஆழமாகப் புதைவார். பெல்ட் வண்டிக்கு வாடகை கூடுதல் என்று தெரிந்தும் டெல்டாக்காரர்கள் அதையே தேடுவதற்குக் காரணம் இந்த 0.18. அதற்கும் ஓர் எல்லை உண்டு. திரும்பும்போது ஒரு பட்டை நின்று மறுபட்டை சுழல, களி உழப்படுகிறது. இரண்டு மூன்று முறை ஒரே இடத்தில் திரும்பினால் அடியிலிருக்கும் கெட்டித் தளமும் உடைந்து, வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிடும்.

அன்று அறுக்காமல் விட்ட நெல் தண்ணீரில் படுத்திருக்கிறது. இனி ஓடுவது விதையின் கடிகாரம். ஏறத்தாழ 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிய மணியில் கரு விழிக்கிறது. மாவை உடைக்கும் நொதிகள் சுரந்து, மாச்சத்தைச் சர்க்கரையாக்கத் தொடங்குகின்றன. சில நாட்களில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். பல காட்டு நெல் வகைகள் இவ்வளவு சீக்கிரம் முளைப்பதில்லை. அவற்றின் விதைக்கு உறக்கக் காலம் உண்டு. அறுத்த விதையை அடுத்த பட்டத்துக்கே விதைக்க வேண்டும் என்று விரும்பிய உழவர்கள், தலைமுறை தலைமுறையாகச் சீக்கிரம் முளைப்பதையே தேர்ந்தெடுத்து அந்த உறக்கத்தைக் குறைத்தார்கள். அறுத்ததும் விதைக்க வசதி. அறுக்கும் முன் மழை வந்தால் ஆபத்து.

முளைப்பதைத் தள்ளிப்போட வேளாண் அலுவலர்கள் சொல்லும் வழி எளியது: தண்ணீரை வடித்துவிட்டு, கதிர்கள் மேல் 5 சதவீத உப்புக் கரைசல் தெளிப்பது. 100 லிட்டருக்கு 5 கிலோ சமையல் உப்பு. இந்தக் கரைசல் கடல்நீரைவிடச் செறிவானது. அதன் சவ்வூடு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. விதைக்குள் நீர் நுழைவதை அது தடுக்கிறது. கடலோர மாவட்டத்தில் நல்ல நிலத்துக்கு உப்பை வாங்கி அடிப்பது எப்படியோ இருந்தாலும், முளைத்த நெல்லை யாரும் வாங்க மாட்டார்கள்.

பெல்ட் அறுவதற்கு முன் கிடைத்த கொஞ்ச நெல்லாவது போகட்டும் என்று டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால், அங்கே ஒரு சிறு கருவி காத்திருக்கிறது. பெரும்பாலான ஈரமானிகள் மணிகளைக் காய வைத்து அளப்பதில்லை. மின்புலத்தில் வைத்துப் பார்க்கின்றன. உலர்ந்த தானியத்தின் மின்கடவா மாறிலி ஒற்றை இலக்கம். தண்ணீருக்கு அது 80ஐ ஒட்டியது. கொஞ்சம் நீர் சேர்ந்தாலும் அளவு தாவும். உமிமேல் நனைந்த ஈரமும் சேர்ந்தே காட்டுவதால், மழையில் வந்த நெல்லுக்கு உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு. விதிப்படி எல்லை 17 சதவீதம். திரையில் 22.

"அஞ்சுதானே அதிகம்" என்பார்கள். ஆயிரம் கிலோ நெல்லில் 22 சதவீதம் ஈரம் என்றால் 780 கிலோ உலர்பொருள், 220 கிலோ நீர். அதே 780 கிலோ உலர்பொருள், 83 சதவீதமாக ஆக வேண்டுமானால் மொத்த எடை 940 கிலோவாகக் குறைய வேண்டும். போக வேண்டியது 60 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கக் குறைந்தபட்சம் சுமார் 40 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். இவ்வளவையும் வெயிலிடம் கடன் கேட்டுத்தான் தார்ச்சாலையிலும் களத்திலும் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறுகிறார்கள்.

வெயில் இல்லாத நாளில்? தானியமும் காற்றும் ஈரத்தைக் கொடுத்து வாங்கி ஒரு சமநிலைக்கு வரும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் நெல் ஏறத்தாழ 14 சதவீதத்தில் நிற்கும். 90 என்றால் 17, 18இல் நின்றுவிடும். மழை மூட்டத்தில் டெல்டாக் காற்று நாள் முழுக்க 90ஐ ஒட்டியே இருக்கும். அப்போது எத்தனை நாள் பரப்பி வைத்தாலும் 17ஐத் தாண்டிக் கீழே போகாது, இயற்பியல் விடாது. பஞ்சாபின் வறண்ட அக்டோபருக்கும் திருவாரூரின் தை மாதத்துக்கும் ஒரே 17 என்பது நிர்வாகத்துக்கு வசதி. பெருமழைக்குப் பிறகு மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, வரம்பைத் தளர்த்துவதும் உண்டு. அந்த உத்தரவு வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் குவித்த ஈரநெல் சுவாசித்துச் சுவாசித்துச் சூடேறி, உள்ளே அரிசி மஞ்சளாகத் தொடங்கியிருக்கும்.

நன்றாகக் காய்ந்த நெல்தான் மழைக்குத் தாங்கும் என்று நினைப்போம். நேர்மாறு. தாளிலேயே 15 சதவீதத்துக்குக் கீழே காய்ந்துவிட்ட மணியை ஒரு மழை அல்லது கனத்த பனி நனைத்தால், வெளி அடுக்கு நீரை உறிஞ்சி உப்புகிறது. நடுப்பகுதி காய்ந்தபடியே இருக்கிறது. உப்பும் வெளிப்புறம் நடுவை இரு பக்கமும் இழுக்க, மணியில் குறுக்காக விரிசல் விழுகிறது. ஈரம் ஏறுவதால் அரிசி வெடிக்கிறது என்பதை ஜப்பானில் கொண்டோவும் ஒகாமுராவும் 1930இல் எழுதினார்கள். டெக்சாஸில் ஓட்டோ குன்ஸே 1960களிலிருந்து ஆண்டுக்கணக்கில் அதை ஆராய்ந்தார். 22 சதவீதத்தில் நனைந்த மணிக்கு இந்த ஆபத்து குறைவு. ஆகவே கொள்முதல் எண்ணுக்காக வயலிலேயே காய விட்டுக் காத்திருக்கும் உழவர், ஒவ்வோர் இரவுப் பனிக்கும் தன் அரிசியை வெடிக்கக் கொடுக்கிறார். பச்சரிசியாக அரைத்தால் அந்த மணிகள் ஆலையில் நொய்யாகும்.

டெல்டா நெல்லுக்கு ஒரு தப்பும் வழி இருக்கிறது. இங்கே பெரும்பகுதி புழுங்கல். ஊறவைத்து அவிக்கும்போது மாச்சத்து கஞ்சிப்பதம் அடைந்து, விரிசலின் இரு கரைகளையும் ஒட்டிவிடுகிறது. காய்ந்தபின் மணி கண்ணாடி போல இறுகி, முழு அரிசியாக ஆலையைவிட்டு வெளியே வரும். நிறத்துக்கு மட்டும் இந்த மருந்து பலிக்காது. குவியலில் சூடேறி மஞ்சளான அரிசி அவித்தாலும் மஞ்சள்தான். மழைக்குப் பின் நெல் பார்க்க வரும் வியாபாரி அதனால்தான் ஈரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு அரிசியின் நிறத்தைப் பார்க்கிறார்; பார்த்துவிட்டு மூட்டைக்கு எவ்வளவு குறைப்பது என்று பேச்சைத் தொடங்குகிறார்.